கார்பன் என்ற சொல்லும் அஞ்சலையின் கிணறும்

1. டிராக்டர் குறுக்கே நின்ற காலை

திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம். காலை எட்டு மணிக்குத் துளைபோடும் லாரியோடு போனோம். ஏரிக்கரைப் பாதையில் ஒரு டிராக்டரைக் குறுக்கே நிறுத்தி, அதன் முன்னால் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் ஸ்டெல்லா. ஒரு கல்லூரியின் ஜியாலஜி டிபார்ட்மென்டில் லேப் டெக்னீஷியனாக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். இது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில் நடந்தது.

எங்கள் பேராசிரியர் ஞானசேகரன் சாருக்கு ஒரு ஆராய்ச்சித் திட்டம் கிடைத்திருந்தது. சுமார் ஐந்தரைக் கோடி வருடங்களுக்கு முன்னால் பூமியின் காற்றில் கரியமில வாயு மளமளவென்று ஏறியது. பூமி சூடானது, மழையின் போக்கு மாறியது. சில இடங்களில் வெள்ளம் மேல்மண்ணை அரித்துக்கொண்டுபோய் ஏரிகளில் கொட்டியது, சில இடங்களில் நிலம் காய்ந்து வெடித்தது. அந்தக் காலத்துக் களிமண் கிடைத்தால், அதிலுள்ள கார்பனைச் சோதித்து, இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கலாம். எங்களுக்கு வேண்டியது மண். வேறொன்றும் இல்லை.

ஆனால் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த எங்கள் கடிதத்தில் இருந்தது இது: ‘பண்டைய கார்பன் சுழற்சிச் சீர்குலைவும் ஏரி, நிலம் ஆகியவற்றின் மீது அதன் விளைவுகளும் – ஆழ்துளை ஆய்வு.’ சாரின் ஆங்கிலத்தை நான்தான் தமிழில் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று பெருமைவேறு பட்டுக்கொண்டேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்தாள். அஞ்சலை என்று பெயர். ஏரியை ஒட்டி அவளுக்கு இரண்டு ஏக்கர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை.

“இது இன்னா கார்பன் மேடம்? டெல்டா பக்கம் எடுக்க வந்தாங்களே, அதுதானே?”

“அது ஹைட்ரோகார்பன்ங்க. எண்ணெய், கேஸ். இது வேற.”

“சீர்குலைவுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஏரி, நெலம்னும் எழுதியிருக்கீங்க. எங்க ஏரிய இன்னா பண்ணப் போறீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார். “அம்மா, அது எப்பவோ நடந்த சீர்குலைவு. அந்தக் கார்பன் இன்னும் உங்க மண்ணுக்கு அடியில அப்படியே இருக்கணும். அதைத்தான் தேடறோம்.”

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: “பாத்தியா, இருக்குதுன்னு அவரே ஒத்துக்கினாரு!”

லாரி திரும்பிவிட்டது.

2. மூன்று வாரம்

அதற்குப் பிறகு திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பஸ்ஸில் அலைந்ததுதான் மிச்சம். விளக்கம் கொடு, விளக்கத்துக்கு விளக்கம் கொடு. எங்கே போய் உட்கார்ந்தாலும் “கார்பன்னு எதுக்குங்க எழுதினீங்க?” என்பதுதான் முதல் கேள்வி. லாரிக்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். மழைக்காலம் கிட்டே வந்துகொண்டிருந்தது.

சார் ஒரு வழி கண்டுபிடித்தார். “கார்பனை எடுத்துட்டு ஐசோடோப்புன்னு போட்டுடலாம் ஸ்டெல்லா.”

“அணு உலை வருதுன்னு நினைச்சுக்குவாங்க சார்.”

“நம்ம ஜனங்களுக்கு சயின்ஸ் புரியல.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அவங்க சயின்ஸே கேக்கல சார். நெலம் போயிடுமான்னு கேட்டாங்க. போகாதுன்னு நாம ஒரு தடவைகூட சொல்லல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் நான் தனியாகப் போனேன். அஞ்சலை களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்: “உங்க நெலம் போகாது. எண்ணெய் எடுக்க வரல. பழைய களிமண்ணுதான் வேணும், ஒரு கோணி அளவுக்கு.”

“எப்பிடி இருக்கும் அந்தக் களிமண்ணு?”

“கறுப்பா இருக்கும். ஈரமா இருந்தா நாறும்.”

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “அதுக்கா லாரி கொண்ணாந்தீங்க? எங்க கெணத்துலயே இருக்குதே அது!”

3. கிணற்றுக்குள்

கோடையில் வற்றிக்கிடந்த பெரிய கிணறு. பாதி ஆழத்துக்குக் கல்படி. அதற்குக் கீழே, மஞ்சள் மண்ணுக்கு நடுவில், இரண்டடி உயரத்துக்குக் கறுப்புப் பட்டை சுற்றிலும் ஓடியது. மூன்று வாரமாக நாங்கள் கெஞ்சிக்கொண்டிருந்த மண் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

அஞ்சலை ஒரு நிபந்தனை வைத்தாள். “நீங்க எடுக்கிற ஒவ்வொண்ணுலயும் ஒரு பிடி எங்கிட்டயும் இருக்கணும். அப்புறம் அதுல இன்னா இருந்துச்சுன்னு வந்து ஊருக்குச் சொல்லணும்.”

ஒப்புக்கொண்டேன்.

உள்ளே விஷக்காற்று இருக்கிறதா என்று தெரிய விளக்கை இறக்கி, அணைகிறதா என்று பார்த்த பிறகுதான் அவள் என்னை இறங்கவிட்டாள். இடுப்பில் கயிறு, மேலே அவளும் அவள் தம்பியும். வயது ஐம்பத்தேழு, முழங்கால் வலி வேறு. வெயில்பட்ட மேல்மண்ணைச் செதுக்கித் தள்ளிவிட்டு, உள்மண்ணை அரையடிக்கு ஒன்றாக அலுமினியத் தாளில் சுற்றி வாளியில் அனுப்பினேன். பிளாஸ்டிக் படக்கூடாது, எண்ணெய் படக்கூடாது. பட்டால் இன்றைய கார்பன் பழைய கார்பனோடு கலந்து, சோதனையே பாழாகிவிடும்.

மேலே ஏறி வந்து பார்க்கிறேன், தகவல் தெரிந்து வந்திருந்த சார் ஒரு கையில் வறுத்த மல்லாட்டையும் மறுகையில் என் மூன்றாவது சாம்பிளுமாக நிற்கிறார். தாளைப் பிரித்து விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்! கையைக் கழுவினீங்களா?”

“அருமையான களிமண்ணு ஸ்டெல்லா!”

திரும்பவும் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மேலே அஞ்சலையின் குரல் கேட்டது: “நீங்க அப்பிடி ஓரமா குந்துங்க சார். அது வேலய அது பாக்கட்டும்.”

பத்து நாளில் மழை கொட்டி, கிணற்றில் தண்ணீர் அந்தப் பட்டைக்கு மேலே ஏறிவிட்டது.

4. திரும்பிப் போனது

ரிசல்ட் வர எட்டு மாதம் ஆனது. கறுப்புப் பட்டையின் அடிப்பகுதியிலும் மேல்பகுதியிலும் கார்பன் ஒரே மாதிரி; நடுவில் மட்டும் சடாரென்று மாறியிருந்தது. அதே இடத்தில் பருமணலும் இலைத்துணுக்குகளும் திடீரென்று கூடியிருந்தன. பெரிய மழை நிலத்தை அரித்துக்கொண்டு வந்த அடையாளம். அந்தப் பழைய சூட்டுக்காலம்தானா என்று அடித்துச் சொல்ல வயதுக் கணக்கு இன்னும் உறுதியாகவில்லை. சாருக்கு அதில் வருத்தம். “உறுதியாகாம ஊருக்கு எதுக்குச் சொல்லணும்?” என்றார். நான் பஸ் ஏறிவிட்டேன்.

பஞ்சாயத்து அலுவலக வாசலில் இருபது பேர் இருந்தார்கள். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததையும் சொன்னேன். யாரும் கத்தவில்லை. அஞ்சலைதான் கேட்டாள்: “அப்பிடிக் கெட்டுப்போன நெலம், ஏரி எல்லாம் பழையபடி ஆவறதுக்கு எத்தினி வருஷம் ஆச்சு?”

“லட்சம் வருஷத்துக்கு மேல.”

“இப்ப நாம உடுற பொகையும் அதே கணக்குதானா?”

“அப்ப ஏறினதவிட இப்ப வேகமா ஏறுது.”

பிறகு ஒரு மணி நேரம் என்னை விடவில்லை. மழை ஏன் ஒரேயடியாகக் கொட்டுகிறது, ஏரியில் மண் ஏன் மேடிடுகிறது, கரையில் எதை நட்டால் மண் நிற்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதிக்கொண்டு வந்து, தெரிந்தவர்களிடம் கேட்டு, போனில் சொன்னேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மண் எடுத்த ஊருக்குத் திரும்பிப் போய், என்ன தெரிந்தது என்று சொல்லுங்கள். அரைகுறையாகத் தெரிந்திருந்தாலும் போங்கள். அதற்கு முன் இருபத்தேழு வருடத்தில் எத்தனையோ ஊர்களில் மண் எடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுக்குக்கூட நான் திரும்பிப் போனதில்லை.