பாய்க்கு நான் விற்ற கேமரா

சின்னமனூரில் எனக்கு உரக்கடை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு விடிவதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். வயல், கண்மாய், ஆற்றங்கரை, மலையடிவாரம் என்று எங்கே பறவை இருக்கிறதோ அங்கே. பத்து வருடமாக ஒரே கேமரா. அதன் பிடியில் ரப்பர் உரிந்து, நானே பசை வைத்து ஒட்டியிருந்தேன்.

பாயை அப்படித்தான் தெரியும். உத்தமபாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி 'காயில்' கட்டும் கடை வைத்திருப்பவர். ஒருநாள் ஆற்றுப்பாலத்துக்குக் கீழே மீன்கொத்திக்காக நான் குத்தவைத்திருந்தபோது, பின்னால் வந்து சத்தம் போடாமல் அவரும் உட்கார்ந்தார். அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. மீன்கொத்தி வந்து போன பிறகுதான், "காட்டுங்கண்ணே, பாப்போம்" என்றார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு பேர். அவரிடம் கேமரா கிடையாது. செல்போனில் எடுப்பார். என் கேமராவைச் சில நேரம் கொடுப்பேன். கைக்குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்குவார்.

திரும்பும்போது அவர் வீட்டில் டீ. அவர் மனைவி எனக்குத் தங்கச்சி மாதிரி. "அண்ணே, உங்களோட சேர்ந்ததுலருந்து இவுக ஞாயித்துக்கெழம கறி வாங்கக்கூட வீட்ல இல்ல" என்று சொல்லிக்கொண்டே பிஸ்கட்டை நீட்டும். அவர்களுக்கு ஒரே மகள். மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பாயை அத்தா என்றும் என்னை மாமா என்றும் கூப்பிடுவாள்.

அந்தப் பழைய கேமராவில் ஒரு கோளாறு வந்தது. மேகமலையில் சிங்கவால் குரங்குகளை ஒரு காலை முழுக்க எடுத்தேன். பின்னால் இருக்கிற திரையில் எல்லாப் படமும் நன்றாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றுமே திறக்கவில்லை. கார்டு போய்விட்டது என்று நினைத்துப் புது கார்டு வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து, என் அக்கா மகன் வீட்டு விசேஷத்தில் அந்தப் புது கார்டிலும் அதேபோல ஆனது. மதுரைக்குக் கொண்டுபோனேன். பழுது பார்ப்பவர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுச் சொன்னார்: "கார்டு மேல தப்பில்லண்ணே. படத்தைக் கார்டுல எழுதுற போர்டுல கோளாறு. இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்ல. ஆறு மாசம் ஒண்ணும் ஆகாம ஓடும். திடீர்னு ஒருநாள் மொத்தமா தின்னுரும். முக்கியமான எதுக்கும் நம்பி எடுத்துட்டுப் போகாதீக."

அன்றே புதுக் கேமரா வாங்குவது என்று முடிவு செய்தேன். உள்ளே கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' என்கிற புது ரகம். பறவையின் கண்ணை அதுவே தேடிப் பிடித்துக்கொள்ளும். பறவை திரும்பினாலும் விடாது. பறவைப் படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அதற்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போடும் படங்களில் இறகின் நரம்புகூட எண்ணலாம். என் படங்களுக்குக் கை கூப்பும் பொம்மை ஒன்றிரண்டு விழும், அவ்வளவுதான்.

பழையதைக் கொடுத்துவிட்டு வாங்கலாம் என்று கேமராக் கடையில் கேட்டேன். அவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லாத குறையாக ஒரு விலை சொன்னார்கள். புதியதை வாங்கிக்கொண்டு, பழையதையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அந்த வாரமே பாய் கேட்டார்.

"அண்ணே, பழசை யாருக்காச்சும் குடுக்குறதா இருந்தா எனக்குக் குடுங்க. கடைக்காரன் சொன்னதை விட நான் கூடத் தர்றேன்."

கடைக்காரர் சொன்னதைப்போல மூன்று பங்கு தந்தார். லென்ஸும் சேர்த்துத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாங்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கோளாறு ஒண்ணும் இல்லைலண்ணே?"

"ரப்பர்தான் உரிஞ்சிருக்கு பாய்."

நான் சொன்னது அதுதான். பொய் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. ரப்பர் உரிந்துதான் இருந்தது. பாய் தன் கடையில் பழைய மோட்டார் விற்றால், பேரிங் சத்தம் போடும், ஒரு போகத்துக்கு மேல் தாங்காது என்று வாங்குபவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். அதனால் வியாபாரம் கெட்டதை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவரிடம்தான் ரப்பரை மட்டும் சொன்னேன்.

அடுத்த சில மாதம் ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பயம் விட்டுப்போனது. கோளாறு தானாகச் சரியாகிவிட்டது என்றே நம்பத் தொடங்கினேன்.

அப்புறம் அந்தத் தங்கச்சிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரையில் வைத்தியம். பாய் ஞாயிற்றுக்கிழமை வருவது நின்றது. தங்கச்சி முடியெல்லாம் கொட்டி, முகம் கறுத்து, யாரையும் பார்க்க மாட்டேன் என்று வீட்டுக்குள்ளேயே இருந்தது. போனில் யாராவது படம் எடுக்க வந்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளும். மூன்றாவது ஊசிக்குப் பிறகு உடம்பு கொஞ்சம் தேறியது. சோறு இறங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை பாய் போன் செய்தார். அப்படி ஒரு குரலை அவரிடம் ரொம்ப நாளாகக் கேட்கவில்லை.

"அண்ணே, அவளே சொல்றா, படம் எடுக்கலாம்னு. ராயப்பன்பட்டிப் பக்கம் நம்ம கஸ்டமர் திராட்சைத் தோட்டம் இருக்கு. காய் நல்லாக் கறுத்துத் தொங்குது. பந்தலுக்குக் கீழ நின்னு எடுக்கணுமாம். மகளும் வந்துருக்கு. ஞாயித்துக்கெழம நீங்க வந்தீகன்னா உங்க புதுக் கேமராவுலயே எடுத்துருவோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை குழுவோடு வெள்ளிமலைப் பக்கம் இருவாச்சி பார்க்கப் போவதாக இருந்தேன். ஒரு மரத்தில் கூடு இருப்பதாகத் தகவல். வண்டியெல்லாம் பேசியாகிவிட்டது.

"ஒங்ககிட்ட இருக்கதே போதும் பாய். அதுல முகம் நல்லா வரும்" என்றேன்.

"சரிண்ணே. போய்ட்டு வாங்க" என்றார். வருத்தம்கூட இல்லாமல் சொன்னார்.

போனை வைத்தபோது பழுது பார்த்தவர் சொன்னது ஞாபகம் வந்தது. நன்றாகவே வந்தது. போனிலும் நாலு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் ஆகாது. சொன்னால் ஏன் என்று கேட்பாரே என்று இருந்துவிட்டேன்.

இருவாச்சி வந்தது. புதுக் கேமரா அதன் சிவந்த கண்ணைப் பிடித்தபடியே நின்றது. என் வாழ்க்கையில் எடுத்த நல்ல படம் அதுதான். அன்று குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே பாய் வந்து நின்றார். கையில் கார்டு, ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தார்.

"தெறக்க மாட்டேங்குதுண்ணே. தோட்டத்துல பாத்தப்ப எல்லாம் இருந்துச்சு. அவளே ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளிப் பாத்துச் சிரிச்சா. வீட்ல வந்து போட்டா ஒண்ணும் இல்ல. நீங்க கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணி எடுப்பீகள்ல, அதைப் பண்ணுங்க."

கடைக்கு வந்த ஆட்களைக் காக்க வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அழிந்த படங்களை மீட்கும் செயலி ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டு மணி நேரம் ஓடியது. பாய் உர மூட்டையின் மேல் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றுச் சொச்சம் படத்தில் மூன்று வந்தது. இரண்டில் மேலே ஒரு விரல் அகலத்துக்குப் பந்தல் கம்பி, கீழே முழுக்கச் சாம்பல் நிறம். மூன்றாவதில் ஒரு கை திராட்சைக் கொத்தைப் பிடித்திருந்தது. முழங்கைக்கு மேல் ஒன்றும் இல்லை.

"அவ கைதான்" என்றார் பாய்.

"போன்ல யாரும் எடுக்கலயா பாய்?"

"மகள் எடுக்கத்தான் வந்துச்சு. கேமரா இருக்கும்போது அது எதுக்குன்னு நான்தான் உள்ள வைக்கச் சொன்னேன்." கார்டை வாங்கிக் காகிதத்தில் மடித்தபடியே சொன்னார்: "என் தப்புண்ணே. பஸ் ஸ்டாண்டு கடையில மலிவாக் கெடைக்குதுன்னு இந்தக் கார்டை வாங்குனேன். கேமரா என்ன செய்யும்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். தங்கச்சி உயிரோடு இருந்தது. நான் சொன்னது வேறு. "விடுங்க பாய். வர்ற ஞாயித்துக்கெழம நானே வர்றேன். புதுசுல எடுப்போம்."

புதன்கிழமை தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து உயிரோடு திரும்பவில்லை. பதினெட்டாம் நாள் வண்டியில் கொண்டுவந்தார்கள். பள்ளிவாசல் மையவாடிக்கு நானும் போனேன். மண் தள்ளிவிட்டு வெளியே வந்ததும், பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஞாயித்துக்கெழம வரைக்கும்கூட அவ வீட்ல இருக்கலயேண்ணே" என்றார். மற்றவர்கள் அது வேறு ஏதோ பேச்சு என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு புதுக் கேமராவை எடுத்துக்கொண்டு நாலைந்து முறை போனேன். எந்த உயிரைக் காட்டினாலும் அது உடனே கண்ணைத் தேடிப் பிடித்துச் சின்னக் கட்டம் போட்டது. அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் கேமராவைக் கீழே இறக்கிவிடுவேன். பையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்து திரும்பினேன்.

நானாகப் போய்ச் சொன்னேன் என்று பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஒருநாள் அவர் கடைக்குப் போயிருந்தபோது, மோட்டார் வாங்க வந்த பையன் ஒருவன் புதிதாகக் கேமரா வாங்கியிருப்பதாகச் சொன்னான். பாய் வேலையை நிறுத்திவிட்டு அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "கார்டு மட்டும் நல்லதா வாங்குப்பா. காசப் பாக்காத. நான் காசப் பாத்துத்தான் கெட்டேன்" என்றார். அந்தப் பையன் போன பிறகும் அந்த வார்த்தை எனக்குள்ளேயே நின்றது. நண்பகல். தெருவில் ஆள் இல்லை. கடையில் வார்னிஷ் வாசனை.

"பாய், கார்டு இல்ல" என்றேன்.

அவர் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். மதுரையில் பழுது பார்த்தவர் சொன்னது, இரண்டு முறை படம் போனது, கடையில் சொன்ன விலை என்று எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை போனை வைத்த பிறகு எனக்கு ஞாபகம் வந்ததையும் சொன்னேன். சுற்று எண்ணிக்கை தவறிப்போயிருக்க வேண்டும். கம்பியை மெதுவாகப் பிரித்து எடுத்தார்.

"இப்ப எதுக்குண்ணே சொல்றீக?"

கீழே கிடந்த கம்பித் துண்டுகளை நான் பொறுக்கி மேசையில் வைத்தேன்.

"இவ்வளவு நாளா என் மேலதான் கோவமா இருந்தேன். அது பழகிப்போச்சு. இப்ப அதை எங்கன கொண்டுபோய் வைக்க?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "உங்க மேல வைக்கச் சொல்றீகளா? எத்தனை நாள் எங்க வீட்ல டீ குடிச்சிருக்கீக."

"பணத்தை..." என்று ஏதோ ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"மகள்ட்ட மட்டும் சொல்லிராதீக. அது உங்கள மாமான்னு கூப்புடுது. அதுக்கு இருக்குறதே ரெண்டு மூணு பேரு."

மறுபடியும் முதலிலிருந்து கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார். நான் வெளியே வந்து வண்டியை எடுத்தேன். அவர் நிமிரவில்லை.

இப்போதும் வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "நல்லா இருக்கீகளாண்ணே" என்று கேட்கிறார். என் வீட்டுத் தண்ணீர் மோட்டார் கெட்டால் அவரே வந்து சரி செய்து தருகிறார். கூலி என்னவோ அதைச் சரியாக வாங்கிக்கொள்கிறார். முன்பு என்னிடம் கூலி வாங்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை.

போன மாதம் பாயின் மகள் என் கடைக்கு வந்திருந்தாள். படிப்பு முடிந்து கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து நின்றாள்.

"மாமா, எங்க வீட்டுக்கு அத்தனை தடவ கேமராவோட வந்துருக்கீகள்ல. அம்மா படம் ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குமா? நோவு வர்றதுக்கு முன்னாடி எடுத்தது. கல்யாண வீடுகள்ல எடுத்ததெல்லாம் கூட்டத்தோட இருக்கு. அம்மாவா இருக்கிற மாதிரி ஒண்ணு வேணும்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். நாலு நாள் தேடினேன். ஹார்டு டிஸ்க்கில் வருடவாரியாக, பறவைவாரியாகப் பிரித்து வைத்திருந்தேன். அவர்கள் வீட்டு வேப்பமரத்தில் எடுத்த குக்குறுவான் மட்டும் அறுபது படம் இருந்தது. அவர்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் குளித்த தேன்சிட்டு இருந்தது. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி ஓரங்களில் எல்லாம் பார்த்தேன். ஒன்றில்கூட அந்தத் தங்கச்சி இல்லை. டீயும் கையுமாக எத்தனை முறை என் முன்னால் வந்து நின்றிருக்கிறது. ஒருமுறைகூட நான் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவில்லை.

போன் செய்து சொன்னேன். "ஒண்ணும் இல்லம்மா."

"பரவால்ல மாமா. சும்மா கேட்டேன்" என்றாள். அப்புறம், அத்தா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே படுத்துக்கிடக்கிறார், நீங்கள் வந்து எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். இன்னும் போகவில்லை.