தூணில் கட்டிய தொடர்கதை

வருடத்தைத் தவறாகச் சொல்ல விருப்பமில்லை. அறுபதுகளின் தொடக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நாள் மட்டும் உறுதி: தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு. புதுக் கவுனை நான் இரண்டாம் முறையாகப் போட்ட நாள்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் அப்பா ஞாயிறுதோறும் என்னை அழைத்துப்போன சாப்பாட்டுக் கடையில், சென்னையிலிருந்து கப்பலில் வரும் வார இதழைத் தூணில் சணல் கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள், யாரும் தூக்கிப்போய்விடாமல் இருக்க. தூணை ஒட்டிய நாற்காலிக்கு மட்டுமே அது எட்டும். அதிலிருந்த தொடர்கதையை நாற்பத்தாறு வாரம் அங்கேயே படித்திருந்தேன். அன்று கடைசி அத்தியாயம். கதாநாயகி டாக்டரைக் கட்டுவாளா, முறைப்பையனையா என்று தெரியாமல் வீட்டுக்குப் போவதாக இல்லை. அடுத்த ஞாயிறு வருவதற்குள் அந்தத் தாள்கள் வடைப் பொட்டலமாகிவிடும்.

இலையை மடித்தால் எழுந்துவிட வேண்டும். மடிக்காதவரை யாரும் எழுப்ப மாட்டார்கள். ஆனால் பரிமாறுபவர் போட்டுக்கொண்டே இருப்பார். ஆகவே வலது கை சோற்றில், இடது கை தாளில்.

"பாப்பாவுக்கு இன்னிக்கு நல்ல பசி போல," என்று அவர் மூன்றாம் முறை சோறு வைத்தார்.

அப்பா எப்போதோ தம் இலையை மடித்திருந்தார். "போதும் லா, இலைய மடி. பின்னால ஆள் நிக்கிறாங்க."

என் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி ஓர் அம்மாள் இடத்துக்காகக் காத்திருந்தார். "கொஞ்சம் ரசம் மட்டும்," என்றேன்.

தையல்காரர் அந்தக் கவுனைப் போன வருட அளவிலேயே தைத்திருந்தார். ரசம் உள்ளே போனதும் முதுகுப்பக்கக் கொக்கிகள் இரண்டு தெறித்தன.

"அண்ணே, பிள்ளைக்குக் கொக்கி போச்சு," என்றார் அந்த அம்மாள் தணிந்த குரலில். "எதிர்க்கடையில ஊக்கு வாங்கிட்டு வாங்க. நான் மறைச்சு நிக்கிறேன்."

அப்பா விரைந்தார். அம்மாள் முந்தானையை விரித்து என் முதுகோடு ஒட்டி நின்றுகொண்டார். இனி என்னை யார் எழுப்ப முடியும்? சோற்றை விட்டுவிட்டுக் கதைக்குள் போனேன். டாக்டர் பெட்டியோடு வாசலில் நிற்கிறார். பக்கத்தைத் திருப்பப் போனபோது தோளுக்கு மேலிருந்து ஒரு விரல் வந்து தாளை அழுத்தியது.

"இரும்மா. எனக்கு இன்னும் நாலு வரி இருக்கு."

"நீங்களும் படிக்கிறீங்களா?"

"மொத வாரத்துலேர்ந்து. எப்பவும் புதன்கிழமை வருவேன். இந்த வாரம்தான் முடியல. ம், திருப்பு."

கடைசிப் பக்கத்தை இருவரும் சேர்ந்தே படித்தோம். அவள் முறைப்பையனைக் கட்டிக்கொண்டாள்.

"அட போ," என்றார் அம்மாள்.

அப்பா ஊக்கோடு வந்து சேர்ந்தபோது, டாக்டருக்கு என்ன குறை என்று நாங்கள் இருவரும் அவரிடமே கேட்டோம். பாவம், அவருக்குக் கதை தெரியாது.