அறுபது லாட்கேயும் ஒரு டின் நெய்யும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையொன்றின் அடுப்படியில் பதினோரு வருஷம் வெந்த தாமரைக்கு, அவள் பேரைச் சொல்லி வந்த முதல் ஆர்டர் இது. பங்சார் கொண்டோ அடுக்குமாடியில் குடியிருக்கும் அமெரிக்க யூதப் பெண் ரூத் கொடுத்தாள். எட்டு நாள் ஹனுக்கா பண்டிகையில் முதல் நாளுக்கு அறுபது லாட்கே. துருவிய உருளைக்கிழங்கில் வெங்காயமும் முட்டையும் சேர்த்துத் தட்டிப் பொரிக்கிற சின்ன அடைதான் லாட்கே. சரியாக அமைந்தால் மற்ற ஏழு நாளும் தாமரைக்கே என்று பேச்சு. புதுச் சட்டி, புதுத் துருவிகூட ரூத்தே வாங்கிக் கொடுத்து, எண்ணெயில் பொரிக்கச் சொல்லியிருந்தாள்.

எண்ணெயாம் எண்ணெய்! பண்டிகைப் பலகாரத்தை வெறும் எண்ணெயில் போட்டு எடுக்க இதென்ன ரோட்டோரத்து பஜ்ஜியா? தாமரை ஒரு டின் நெய் வாங்கினாள். கிழங்கைத் துருவி, துணியில் கட்டி, கை காந்தக் காந்தப் பிழிந்து, அறுபதையும் நெய்யிலேயே முறுகவிட்டாள்.

போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் கணவன் ஜெயராஜ் லீவு போட்டுவிட்டு வந்து பெட்டியைத் தூக்கினான். ரூத் மூடியைத் திறந்தாள். அவள் முகம் மாறியது.

"இது நெய்யா?"

"ஆமா மேடம், சுத்தமான நெய்!" என்று பூரித்துச் சொன்னாள் பைத்தியக்காரி.

அன்றைய விருந்து கோழி. கறி இருக்கிற பந்தியில் பால் சேர்ந்த எதுவும் வரக்கூடாது என்பது அவர்கள் முறை. நெய்யும் பால்தானே? "என் தப்பு, நான்தான் விளக்கிச் சொல்லியிருக்கணும்" என்றாள் ரூத். அதற்கு அவள் கத்தியிருந்தாலாவது தேவலை. மற்ற நாட்களுக்குத் தானே பார்த்துக்கொள்வதாகவும் மெதுவாகச் சொல்லிவிட்டாள். பெட்டி அப்படியே காருக்குத் திரும்பியது.

ஜெயராஜ் ஒன்றை எடுத்துக் கடித்தான். "அட, அருமையா இருக்குலா! கொஞ்சூண்டு நெய் பட்டா என்னவாம்? பேசாம சாப்ட வேண்டியதுதானே?"

"வாய மூடுங்க! புரட்டாசி சனிக்கிழம கோழிக்கறி கரண்டிய என் சாம்பார்ல விட்டீங்களே, நான் சாப்ட்டேனா? பானையோட கொண்டுபோய் கொட்டல?"

ஜெயராஜ் மெல்லுவதை நிறுத்தினான். தாமரை பெட்டி மூடியை ஓங்கி அறைந்தாள்.

"அந்தப் பொம்பளய வாயாரத் திட்டக்கூட முடியலையே எனக்கு!"