மூடிக்குள் இருந்த லாரி

பள்ளிபாளையத்தில் தறி மக்கர் பண்ணினால் முதலில் தீனதயாளனைத்தான் கூப்பிடுவார்கள். நெசவுக் குடும்பத்தில் பிறந்தும், நெய்வதைவிடத் தறியைக் கழற்றி மாட்டுவதில் ருசி கண்டு ஃபிட்டர் ஆனவர். எதிலும் சுத்தம் பார்க்கிற ஆள். வேலை முடிந்ததும் கீழே சிந்திய எண்ணெயைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவார். அப்படிப்பட்டவர் தன்னுடைய ஸ்பேனர்களை மட்டும் பழைய உரச்சாக்கில் போட்டு மொபெட்டில் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்தார்.

"ஃபிட்டர் வாராரா, பழைய இரும்புக்காரர் வாராரான்னு தெரிய மாட்டேங்குது" என்று மனைவி ஜெயப்பிரியா சிரிப்பாள்.

போன ஆடியில் சங்ககிரிக்குப் போனபோது, லாரி உடைக்கிற இடத்தை ஒட்டிய இரும்புக் கடையில் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. கனத்த தகட்டில் செய்தது. மூடியைத் திறந்தால் ஒரு தட்டு, அதற்குக் கீழே இரண்டு இழுப்பறை. மொபெட்டின் பின்னால் கச்சிதமாக உட்காரும். வெளியே துரு ஏறி, ஒரு இழுப்பறை திறக்கவே இல்லை.

"டீசல் மெக்கானிக் ஒருத்தர் வச்சிருந்ததுங்க. ஆளு தவறிட்டாரு. தம்பிக்காரர் கொண்டாந்து போட்டுட்டுப் போனாரு" என்றார் கடைக்காரர். தீனதயாளன் வேறொன்றும் கேட்காமல் பணத்தைக் கொடுத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டார். சரியாகி வந்தால் சொல்லுங்கள் என்று கடைக்காரர் அவருடைய நம்பரையும் அட்ரஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பெட்டியோடுதான் கழிந்தது. கம்பி பிரஷ் போட்டுத் துருவை உதிர்த்தார். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். சிக்கிய இழுப்பறைக்குள் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி வெளியே கொண்டுவந்தார். ஒடுங்கிய மூலையை நிமிர்த்தினார். பூட்டைக் கழற்றி, உள்ளே உடைந்திருந்த வில்லுக்குப் பதில் தறி ஸ்பிரிங் ஒன்றை வெட்டி மாட்டினார். கடைசியாக மூடியின் உள்பக்கம். அங்கே துரு இல்லை. கறுப்பாகக் கிரீஸ்தான் அப்பியிருந்தது. துணியால் துடைக்கத் துடைக்க, அடியிலிருந்து மஞ்சளாக ஒரு லாரி வந்தது.

லாரிக்கு அடிக்கிற பெயிண்டாலேயே யாரோ வரைந்திருந்தார்கள். சக்கரங்கள் அத்தனையும் ஒரே வரிசையில், ரயில் மாதிரி நின்றன. ஜன்னலில் பெரிய மீசையோடு ஒரு ஆள். மேலே சிவப்பாகச் சூரியன்.

"கொழந்த வரஞ்சதாட்ட இருக்குதுங்க" என்று ஜெயப்பிரியா குனிந்து பார்த்தாள். "அத அப்படியே உட்டுருங்க. அழகாத்தான இருக்குது?"

தீனதயாளன் கொஞ்சம் யோசித்தார். மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருக்க, இது மட்டும் கிறுக்கலாக உறுத்தியது. இனி யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தார். துணியில் தின்னரை நனைத்து அழுத்தித் துடைத்தார். மஞ்சள் துணிக்கு வந்துவிட்டது. அதற்குமேல் மறுபடி துரு ஏறாதிருக்க ரெட் ஆக்சைடு அடித்து, உள்ளும் புறமும் நீல பெயிண்ட் கொடுத்தார். பெட்டி புதுசு மாதிரி மின்னியது. பார்த்தவர்கள் எல்லாம் எப்படிச் சரிசெய்தார் என்று கேட்டார்கள்; அவரும் சலிக்காமல் சொன்னார்.

ஐப்பசியில் ஒரு முற்பகல், வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு அம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"ஃபிட்டர் ஊடு இதுங்களா? சங்ககிரில இருந்து வாரேன் தம்பி. மெக்கானிக் ஹனீப் சம்சாரம், ரஹமத் பீவி. இரும்புக் கடைக்காரர்தான் அட்ரஸ் சொன்னாரு."

ஜெயப்பிரியா நாற்காலி போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "அவரு மவுத்தான பொறகு நான் நாலு மாசம் இத்தா இருந்து, ஊட்ட விட்டு வெளிய வரல. அந்தச் சமயத்துல கொழுந்தனாரு பட்டறையக் காலி பண்ணிட்டாரு. வாடகை எடம், அவரையும் குத்தம் சொல்ல முடியாது. பெட்டி எனக்கு வேண்டாம் தம்பி. மூடிக்குள்ள எம் மக நிலோபர் ஒரு லாரி வரஞ்சு வச்சிருந்தா. அடுத்த வருசமே காய்ச்சல்ல போயிட்டா. அவ கையால செஞ்சது வேற ஒன்னும் எங்கிட்ட இல்ல. ஒரு போட்டோ புடிச்சுக்கறேன்."

கையில் போனைத் தயாராக வைத்திருந்தார். தீனதயாளன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் வாங்கறப்பவே மூடி பூரா துருப் புடிச்சிருந்ததுங்கக்கா" என்றார். "படம்னு ஒன்னும் தெரியலீங்க."

ஜெயப்பிரியா அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

ரஹமத் பீவி மூடியைத் திறந்து நீல பெயிண்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். "அப்ப நாந்தான் காரணம்" என்றார் மெதுவாக. "பெட்டி ஊட்டுக்குள்ளதான் இருந்தது. கிரீஸ் நாத்தம் தாங்கல, பட்டறைக்கே கொண்டு போங்கன்னு நாந்தான் சண்டை போட்டேன். அங்க கூரை ஒழுகும்." மூடியைச் சத்தமில்லாமல் சாத்தினார். "நல்லாப் பண்ணியிருக்கீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

அன்று சாப்பிடும்போது ஜெயப்பிரியா சொன்னாள்: "அந்தம்மா பழியத் தூக்கித் தன் தலைல போட்டுக்கிட்டுப் போறாங்க."

"உண்மையச் சொன்னா மட்டும் படம் திரும்பி வந்துருமா?" என்று எரிந்து விழுந்தார். அதற்குப்பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

பெட்டியைத் தொடக் கை வரவில்லை. மறுபடி உரச்சாக்கே மொபெட்டில் ஏறியது. தறிக்கார நாச்சிமுத்து, "பெட்டி எங்கீங்க?" என்று கேட்டதற்கு, பூட்டு ரிப்பேர் என்றார். ஒரு பொய்க்கு இன்னொன்று துணைக்கு வந்துவிட்டது. அந்த அம்மாள் வீட்டில் தனியாக உட்கார்ந்து, படத்தைத் தொடாத ஒழுக்கலை நினைத்து நினைத்து மருகுவதுபோல் கண்ணுக்குள் நின்றது. தீபாவளிக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்க்கவே அவரால் முடியவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு சங்ககிரிக்குப் போய், இரும்புக் கடையில் வழி கேட்டு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனார்.

ரஹமத் பீவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தீனதயாளன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: "அக்கா, நான் அன்னிக்குச் சொன்னது பொய்யிங்க. மூடில துரு ஒரு பொட்டு இல்ல. படம் நல்லாத் தெரிஞ்சது. வேண்டாம்னு எஞ் சம்சாரம் சொல்லச் சொல்ல நாந்தான் அழிச்சேன்."

முறம் மடியிலேயே இருந்தது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றார் அவர்.

"ஆமாங்க."

"அந்தக் கூரையவே நெனச்சுட்டுக் கெடந்தேன் தம்பி. தூக்கமில்ல."

தீனதயாளன் தலையைத் தொங்கப் போட்டார். திட்டு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"கடைசியாப் பாத்தது நீங்கதான். என்ன பாத்தீங்க, சொல்லுங்க."

மஞ்சள் நிறம், வரிசையாக நின்ற சக்கரங்கள், சிவப்புச் சூரியன், மீசைக்கார டிரைவர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ரஹமத் பீவி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் என்றதும் கண் திறந்தது.

"மீசை அவ அத்தாவுது, எங்க ஊட்டுக்காரருது. அவரு டிரைவரு இல்ல, பக்கத்துல ஒக்காந்து வாராரு. லாரி ஓட்டுறது எம் மக. ஸ்டியரிங்குக்கு மேல ரெண்டு சடை மட்டும் தெரியும். பாத்தீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் அந்த அம்மாளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும். தீனதயாளன் மனசுக்குள் துழாவிப் பார்த்தார். துணியில் ஒட்டிய மஞ்சள்தான் தெரிந்தது.

"இல்லீங்கக்கா. அவ்வளவு கவனிச்சு நான் பாக்கலீங்க."

ரஹமத் பீவி தலையை ஆட்டிக்கொண்டார். முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்தார். பெட்டியை இறக்கி வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "அதுல இப்ப எங்களுது ஒன்னுமில்ல. கொண்டு போயி வேலை செய்யுங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதைக் கேட்கிற தைரியம் இவருக்கும் இல்லை. மொபெட்டை எடுக்கும்போது ரஹமத் பீவி எழுந்து பக்கத்தில் வந்து, பெட்டி ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்து ஏதோ சொன்னார்.

வீடு திரும்பியதும் ஜெயப்பிரியா கேட்டாள்: "அந்தம்மா என்னங்க சொன்னாங்க?"

தீனதயாளன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, எதைச் சொல்வது என்று திண்டாடினார்.

"கயித்த இறுக்கிக் கட்டுங்க, ரோடு மோசம்னாங்க" என்றார்.