அத்தானுக்குக் கிடைத்த பிரஞ்ச்

எங்க அக்கா வீட்டுக்காரர் பெரிய ஓட்டல் ஒண்ணுல துணி தேய்க்கிறவர். மேஜை விரிப்பு, தலையணை உறை எல்லாம் அவர் கைபட்டுத்தான் மாடிக்குப் போகும். வாயில்லாப் பூச்சி. யார் என்ன சொன்னாலும் "சரிங்க"தான். எனக்கு அதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும்.

வேலை காலையில ஆறு மணிக்கு. எட்டு மணிக்கு ரொட்டி, முட்டை குடுப்பாங்க, மத்தியானம் சாப்பாடு. அத்தானுக்குச் சர்க்கரை வியாதி. எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுட்டுத் தட்டுல கை வைப்பார்.

புது மேனேஜர் வந்தான். "இனிமே உங்களுக்கும் கெஸ்ட் மாதிரி பிரஞ்ச்"ன்னான். காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் ஒண்ணா, பதினோரு மணிக்கு. சிலர் கையே தட்டினாங்களாம்! நான் அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்தேன். லேட்டா எழுந்திரிச்சவங்க லீவு நாள்ல சாவகாசமா சாப்பிடுறதுக்குத்தான் அந்தப் பேர். விடியறதுக்கு முன்னாடி எழுந்தவனுக்கு அது பட்டினி இல்லாம வேறென்ன? அத்தான்கிட்ட சொன்னேன். "ஊரோட ஒத்துப் போகணும் மாப்ளே"ன்னுட்டார்.

அக்கா பாக்கெட்டுல பிஸ்கட் வெச்சு அனுப்பினா. வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாதுன்னு வாசல்லயே பிடுங்கிட்டாங்க. டாக்டர் எட்டு மணின்னார், சரிங்க. மேனேஜர் பதினோரு மணின்னான், சரிங்க. மனுஷன் எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுட்டு வெறும் வயித்தோட தேய்ச்சுக்கிட்டே நின்னிருக்கார். கண்ணு இருட்டி, கொதிக்கிற இஸ்திரி மெஷின் மேலயே கையை ஊனி விழுந்தார்.

வலது கை போச்சு. விரல் மடங்காது. சாப்பிடாம மாத்திரை போட்டது அவர் தப்புன்னு ஓட்டல்ல சொல்லிட்டாங்க. வேலையும் போச்சு. ஆறுதலுக்கு ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச் கூப்பன் குடுத்தாங்க, குடும்பத்தோட வந்து சாப்பிட!

"வயித்துல அடிச்சவன் சோத்தைத் திங்கணுமா?"ன்னு அக்கா அழுதா.

"வேணாம்னா தப்பா நினைப்பாங்கம்மா"ன்னார்.

போனோம். அத்தான் இடது கையால மேஜை விரிப்பைத் தடவிப் பார்த்தார். "சுருக்கம் போகலியே"ன்னார். அக்கா ஸ்பூனால ஊட்டிவிட்டா. அப்போ மேனேஜர் சிரிச்சுக்கிட்டே வந்தான்.

"எப்படி இருக்கு நம்ம பிரஞ்ச்?"

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேளுய்யான்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது.

"ரொம்ப நல்லா இருக்குங்க."

அக்கா ஸ்பூனைத் தட்டுல போட்டுட்டு வெளியே போயிட்டா. மேனேஜர் பார்த்துக்கிட்டு நிக்கிறானேன்னு, அத்தான் அந்த ஸ்பூனை வலது கையால எடுக்கப் பார்த்தார்.