பாதி ஓட்டத்தில் வந்த உத்தரவு

எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் ஐம்பது வயதைப் பார்த்ததில்லை. அம்மா நாற்பத்தேழில் போனார். அக்கா நாற்பத்தொன்பதில் போனாள். அக்கா போன அன்று காலையில் நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். தாடை வலிக்கிறது, பல்லுதான் என்று சொல்லி, "கிராம்பு இருக்கா வசந்தா?" என்று கேட்டாள். அடுப்படிக்குள் போய் டப்பாவைத் தேடிக் கிராம்பை எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். கூப்பிட்டேன், பதில் இல்லை. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். அந்தக் கிராம்பு வெகுநேரம் என் கைக்குள்ளேயே இருந்தது.

அய்யனாரை நம்பி இருக்கிற என் சொந்தங்களுக்கு இதை எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எனக்கே இதில் பாதி இன்னும் விளங்கவில்லை. அதையும் மறைக்கப் போவதில்லை.

நான் ஆலங்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறேன். காலையில் வருகிற பாலை அளந்து, கருவியை விட்டுத் தரம் பார்ப்பது என் வேலை. பாலில் யார் எவ்வளவு தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. என் வீட்டுக்காரர் கடலை போடுகிற விவசாயி. ஒரே மகள், கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

போன வருஷம் ஆடியில் மகள் போனில் பேசும்போது, ஐம்பது வயது ஆவதற்குள் ஒரு காரியம் செய்து முடிக்க வேண்டும் என்றால் என்ன செய்வாய் என்று விளையாட்டாகக் கேட்டாள். அவளுடைய ஆபீஸில் ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டு செய்கிறார்களாம். ஒருவர் நீச்சல், ஒருவர் மலையேற்றம். உயிரோடு இருந்தால் போதும் என்றேன். "அப்ப ஓடும்மா. ஐம்பதை ஓடியே தாண்டு" என்றாள். மார்கழியில் புதுக்கோட்டையில் நடக்கிற பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அவளே என் பெயரைப் பதிந்தும் விட்டாள். என் பிறந்தநாள் மாசியில்.

ஓடிப் பழகினேன். சுடிதார் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சொசைட்டி திறப்பதற்கு முன்னால் முந்திரித் தோப்பு ஓரமாக ஓடுவேன். முதல் வாரம் ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, யார் வீட்டில் என்ன ஆச்சோ என்று பதறி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடி வந்தார். ஒன்றுமில்லை, சும்மாதான் ஓடுகிறேன் என்று சொன்னதும் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. சும்மா எதற்கு ஓட வேண்டும் என்று ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கார்த்திகை வாக்கில் ஓடும்போது எனக்கு இடது தாடையில் வலி வர ஆரம்பித்தது. நின்றால் போய்விடும். பால் கேனைத் தூக்கினால் வரும், இறக்கி வைத்தால் போய்விடும். படிக்கிற உங்களுக்கு உடனே புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. அந்தப் பக்கத்தில் எனக்கு உண்மையிலேயே ஒரு சொத்தைப் பல் இருந்தது. மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது என்றுதான் நினைத்திருந்தேன். அக்காவின் பல்வலி வேறு, அவளைக் கொண்டுபோனது வேறு என்றே இத்தனை வருஷமும் என் மனதில் இருந்தது. அதனால் கன்னத்தில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு ஓடினேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

என் வீட்டுக்காரருக்கு நான் ஓடுவது பிடிக்கவில்லை. வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள், சாமியிடம் பூ வைத்துக் கேட்டுவிடலாம் என்றார். எனக்கும் சரி என்று பட்டது. எனக்குள்ளும் பயம் இருந்தது.

ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவருடைய குலசாமி அய்யனார் கோயிலுக்குப் போனோம். வெள்ளை அரளியை ஒரு இலையிலும் சிவப்பு அரளியை ஒரு இலையிலும் வைத்து, ஒன்றுபோல் மடித்துக் கட்டி, சாமி காலடியில் போட்டோம். ஓடலாமா, கூடாதா, நீயே சொல் என்று இரண்டு பேரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை வந்தது.

சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் வாடித்தான் இருந்தார். எனக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்து, ஆறுதலாக அவர் கையைத் தொட்டேன். வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. மறுநாளிலிருந்து ஓடுவதை நிறுத்திவிட்டேன். மகளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனை எடுக்காமலே இருந்தேன்.

நான்காம் நாள் அவர் புதுக்கோட்டைக்குப் போய்விட்டு ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே புது ஷூ. என் அளவு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கேலி செய்கிறாரா, சாமி சொன்னதையே மீறச் சொல்கிறாரா என்று புரியவில்லை.

"சாமி வேணாம்னு சொல்லிருச்சு. நீங்க ஷூ வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க" என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "வெள்ளைதானே வந்துச்சு? ஓடச் சொல்லித்தானே உத்தரவு குடுத்துச்சு?"

அப்போதுதான் தெரிந்தது. நான் பிறந்தது கொடும்பாளூர்ப் பக்கம். எங்கள் வீட்டுச் சாமி மாரியம்மன். அங்கே சிவப்பு வந்தால் உத்தரவு, வெள்ளை வந்தால் இல்லை. அவர்கள் வீட்டில் அய்யனாருக்கு வெள்ளைதான் உத்தரவு. இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். மகள் கல்யாணத்துக்கும் வீடு கட்டுவதற்கும் பூ கேட்டபோதெல்லாம் என் மாமியார்தான் கட்டிவைத்து, வந்ததைப் பார்த்து, முடிவையும் சொல்வார். எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதே இல்லை. அது எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார். நான் ஓடக் கூடாது என்று நினைத்தவர் சாமி சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஷூ வாங்கப் போயிருக்கிறார். ஓட ஆசைப்பட்ட நான் சாமி சொல்லுக்குக் கட்டுப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது.

மறுபடியும் பூ கேட்கலாம் என்று பூசாரியிடம் ஓடினோம். அவர் முடியாது என்றுவிட்டார். "ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேக்கணும் ஆத்தா. அவரு சொல்ல வேண்டியத சொல்லிட்டாரு. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடாததுக்கு அவரு என்ன செய்வாரு?"

கோயில் என் வீட்டுக்காரர் குடும்பத்துடையது, அதனால் வெள்ளை உத்தரவுதான் என்று ஒருமுறை தோன்றும். கேட்டது நான், என் மனதில் இருந்த கணக்கு சாமிக்குத் தெரியாதா என்று மறுமுறை தோன்றும். இரண்டு நாள் அந்தக் குழப்பத்திலேயே பால் அளந்தேன். ஒருவருடைய அளவை இன்னொருவர் பெயரில் எழுதிவிட்டு, செயலரிடம் பேச்சும் வாங்கினேன். கடைசியில் என் வீட்டுக்காரர்தான் ஒரு வழி சொன்னார். அவர் வீட்டு வழக்கத்துக்குப் பாதி, என் வீட்டு வழக்கத்துக்குப் பாதி. ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டியது. திருக்கோகர்ணத்தில் அவர் வண்டியோடு நிற்பார், அங்கே நிறுத்திவிட்டு ஏறிக்கொள்ள வேண்டியது. சரி என்று தலையாட்டினேன். ஆனால் அவரைத் தாண்டி ஓடிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். இப்போது அய்யனார் முன்னால் அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல பனி. எதிரே வருகிற டவுன் பஸ்ஸின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. சின்னப் பெண்களெல்லாம் என்னைத் தாண்டி ஓடினார்கள். எனக்கு முதல் இரண்டு கிலோமீட்டர் சுகமாக இருந்தது. மூன்றாவதில் தாடை வலித்தது. கன்னத்தில் ஒதுக்கியிருந்த கிராம்பை மென்று துப்பிவிட்டேன். நான்காவதில் வலி தோளுக்கு இறங்கியது. அவ்வளவு குளிரிலும் முதுகெல்லாம் வேர்த்து ஊற்றியது. நிற்கலாமா, ஓடலாமா என்று ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. ஓடிக்கொண்டே வேண்டினேன். அய்யனாரே, எங்களுக்குப் பூ பாஷை புரியவில்லை. வெள்ளையோ சிவப்போ, இந்த மரமண்டைக்குப் புரிகிற மாதிரி ஒரே ஒரு தடவை சொல்லிவிடு என்று வேண்டினேன். இதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

திருக்கோகர்ணத்தில் ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில் அவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். நிறுத்தச் சொல்வார், நாம் நிற்காமல் போய்விட வேண்டும் என்று நினைத்தபடி கிட்டே போனேன். அவர் நிறுத்தவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"போ வசந்தா. நீ ஓடி வர்றதப் பாத்தப்பறம் நிறுத்த மனசு வரல. சாமி வெள்ளை குடுத்துருச்சு, போ."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"கிராம்பு இருக்கா?"

சொன்னது என் காதில் விழுந்ததும் கால் நின்றுவிட்டது. அது என் குரலாக இல்லை. அக்கா சுவரில் சாய்ந்திருந்தது கண் முன்னால் வந்தது. அதே தாடை, அதே பக்கம், அதே கேள்வி. தினமும் அத்தனை பேர் பாலில் இருக்கிற குறையைக் கண்டுபிடிக்கிற எனக்கு, என் கன்னத்துக்குள் இருந்தது ஒரு மாதமாகத் தெரியவில்லை. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்தேன். இது பல் இல்லை, அக்காவுக்கு வந்ததுதான் என்று அவரிடம் சொன்னேன்.

உடனே அவர், ஓடி வந்தவர்களுக்காகப் பக்கத்தில் நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸை நோக்கி, செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அந்தக் காலையில் எங்கள் வீட்டில் உண்மையாகவே ஓடியவர் அவர்தான்.

ஈசிஜி எடுத்தார்கள். உடனே திருச்சிக்கு அனுப்பினார்கள். இதயத்துக்குப் போகிற முக்கியமான குழாயில் பெரிய அடைப்பு. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். கண் விழித்தபோது அவர் வெறுங்காலோடு கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். செருப்பு எங்கே என்றுதான் முதலில் கேட்டேன். அவர் அழுதுவிட்டார்.

எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அம்மாவிடம் பூ கேட்ட கதையை ஒன்று விடாமல் சொன்னேன். ஓடியது சரியா தப்பா என்று கேட்டேன். வலியை வைத்துக்கொண்டு ஓடியது பெரிய தப்பு என்று திட்டினார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க ஓடாம வீட்லயே இருந்திருந்தா இன்னும் கிராம்பைத்தான் மென்னுக்கிட்டு இருந்திருப்பீங்க. முழுசா ஓடியிருந்தா என்ன ஆயிருக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

இதைக் கேட்ட பிறகுதான் என் குழப்பம் அதிகமானது. ஓடு என்றதும் சாமிதான், நில் என்றதும் சாமிதான் என்றால், வந்த ஒரு பூ எப்படி இரண்டு பேருக்கும் சரியாக இருந்தது? என் வீட்டுக்காரர் இன்றும் வெள்ளைதான் உத்தரவு என்கிறார். சிவப்பு வந்திருந்தால் நீ ஓடியே இருக்க மாட்டாய், நோயும் தெரிந்திருக்காது என்கிறார். நான் எங்கள் வீட்டு வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளை என்றால் நில், நின்றதால்தான் இருக்கிறேன் என்கிறேன். பூசாரியிடம் போனால் சிரிக்கிறார். நன்றி சொல்லப் போனபோது என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளை மாலையும் நான் ஒரு சிவப்பு மாலையும் கொண்டுபோனோம். பூசாரி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார். சாமி எதையும் தள்ளவில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரியும். நான் கேட்டேன், பதில் வந்தது. பூவில் வந்த பதில் எனக்குப் புரியவில்லை என்பதால், அக்காவின் வார்த்தையை அய்யனார் என் வாயிலேயே வைத்து அனுப்பினார். அன்று அக்காவுக்கு நேரத்தோடு உதவ முடியாமல் போன பாரம் பல வருஷமாக என் நெஞ்சில் இருந்தது. அவள்தான் வந்து என்னை நிறுத்தினாள் என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

என் வாழ்க்கையும் மாறிவிட்டது. மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறேன். அக்கா மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்ய வைத்தேன். முன்பெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் பேசாமலே புரிந்துகொள்கிற தம்பதி என்று பெருமையாகச் சொல்வேன். இப்போது எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்கிறோம். சாம்பாருக்குப் புளி போதுமா என்பதுகூட ஒரு பேச்சுவார்த்தை ஆகிவிட்டது.

மாசியில் என் பிறந்தநாள் அன்று, டாக்டர் நடக்கலாம் என்று சொன்னதால், விடியற்காலையில் திருக்கோகர்ணத்துக்குப் போனோம். நான் உட்கார்ந்த அதே இடத்தில் இருந்து மீதி ஐந்து கிலோமீட்டரை நடந்தோம். அவர் வாங்கித் தந்த ஷூ என் காலில். அவர் காலில் புதுச் செருப்பு. மகள் போனில் கூடவே வந்தாள். ஓட்டம் முடிகிற இடமான ஸ்டேடியம் வாசலில் எங்களுக்காக யாரும் நிற்கவில்லை, ஒரு டீக்கடைதான் திறந்திருந்தது. சர்க்கரை இல்லாமல் இரண்டு டீ குடித்தோம்.

அன்பானவர்களே, உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருந்தால் உங்கள் சாமியிடம் கேளுங்கள். பதில் புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்டதை வீட்டில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். தாடையோ தோளோ வலித்தால் அஞ்சறைப் பெட்டியைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கேயும் அய்யனார் இருக்கிறார், நான் பார்த்தேன்.

இதை எழுதுகிற இன்று எனக்கு வயது ஐம்பதும் நான்கு மாதமும்.