பதினோரு மருந்தும் ஒரு கையும்

கார்டன் ரீச்சில் நான் வேலை பார்க்கும் ரயில்வே அலுவலகத்தில் எனக்கென்று ஒரு மரியாதை உண்டு. அது என் கோப்புகளால் வந்ததல்ல. பூஜை விடுமுறைக்கு டார்ஜிலிங் போகிறவர்கள், குடும்பத்தோடு பஸ் ஏறி தீகா கடற்கரைக்குப் போகிறவர்கள், எல்லாரும் புறப்படுவதற்கு முந்தைய நாள் என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்துவார்கள். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். "தாதா, பையனுக்கு வண்டியில ஏறினாலே வாந்தி. என்ன பண்ணலாம்?"

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கேட்பேன். என்ன வண்டி? எந்த இருக்கை? சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வருகிறது? எங்கள் அலுவலக மருத்துவர்கூட இவ்வளவு கேட்கமாட்டார். கேட்டு முடித்ததும் என் மேஜையின் கீழ் இழுப்பறை திறக்கும். அரசாங்கக் காகிதம் எதுவும் இல்லாத ஒரே இழுப்பறை அது.

அதில் சுக்குத்தூள் இருக்கும். உப்பில் ஊறிக் காய்ந்த நெல்லிக்காய் இருக்கும். ஓமம், ஏலக்காய், பச்சைக் கற்பூரம் முடிந்த துணி, மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் பட்டை (அதில் உள்ள பொத்தான் ஏதோ நரம்பை அழுத்துமாம், என் அனுபவத்தில் அழுத்துவது மணிக்கட்டை மட்டும்தான்). புறப்பட அரைமணி முன்னால் போட வேண்டிய மாத்திரை. வண்டி கிளம்பிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும், அவ்வளவுதான் லாபம். எங்கள் கீழ் வீட்டு பௌதி (அண்ணி என்று அர்த்தம்) கொடுத்த ஹோமியோபதி உருண்டைகள். அவை வேலை செய்கின்றனவா என்று தெரியாது, ஆனால் குழந்தைகள் இன்னும் நாலு கேட்கும். எல்லாவற்றிலும் என் நம்பிக்கைக்குரியது கந்தராஜ் எலுமிச்சை இலை. நம் ஊர் நாரத்தை இலைக்கு வங்காளத்துப் பணக்கார உறவு என்று வைத்துக்கொள்ளலாம். கசக்கி முகர்ந்தால் டீசல் வாடை ஒதுங்கி வழிவிடும். இப்படிப் பதினோரு சமாசாரம். அலுவலகத்தில் என்னைப் 'பொமி டாக்டர்' என்று கூப்பிடுகிறார்கள். பொமி என்றால் இங்கே வாந்தி. முப்பது வருட உத்தியோகத்தில் நான் சம்பாதித்த ஒரே பட்டம்.

ஒருவர் கேட்டார்: "தாதா, உங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டா?"

இல்லை. எனக்கு எந்த வண்டியிலும் எதுவும் ஆகாது. குலுங்கிக் குலுங்கிப் போகிற மினிபஸ்ஸில்கூட என்னால் செய்தித்தாள் படிக்க முடியும். படித்திருக்கிறேன். அதுதான் இந்தக் கதை.

பதினாறு வருடம் முன்னால், என் மகளுக்கு அப்போது ஆறு வயது. அந்த வருடம் தமிழ்ப் புத்தாண்டுக்கு மறுநாள் வங்காளப் புத்தாண்டு. அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் ஒட்டகச்சிவிங்கி பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் மனைவிக்கு அன்று காய்ச்சல், அதனால் நான் மட்டும் கூட்டிப்போனேன். மனைவி படுக்கையிலிருந்தபடியே மூன்று கட்டளை இட்டாள். நேற்றைய பாயசத்தைக் கொடுக்காதீர்கள். ஜன்னலோரமாக உட்கார வையுங்கள். ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். பாயசம் கொடுத்தேன். கேட்டாள், கொடுத்தேன். எலுமிச்சம்பழம் சமையலறை மேடையிலேயே இருந்தது. திரும்பி வந்தபோது அது என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டாலிகஞ்சில் மினிபஸ் ஏறினோம். வங்காளப் புத்தாண்டு என்பதால் பஸ் முழுக்கப் புதுத்துணி வாசனை. மொடமொடத்த ஜிப்பாக்கள், கஞ்சி போட்ட வேட்டிகள், சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவைகள். கூட்டத்தில் நிற்கிறவர்களின் பையையோ பிள்ளையையோ உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம். முன்பக்கம் பெண்கள் இருக்கையில் இருந்த ஓர் அம்மாள் கை நீட்டினாள். "குழந்தையை இங்கே குடுங்க." கொடுத்தேன். கூட்டம் என்னைத் தள்ளித் தள்ளிக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு இடம் காலியாக, உட்கார்ந்தேன். கையில் செய்தித்தாள் இருந்தது.

பாதி வழியில் முன்பக்கம் ஒரு கூச்சல். தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். என் மகள், நேற்றைய பாயசத்தையும் இன்றைய இட்லியையும், பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரின் புது வேட்டியில் ஒப்படைத்திருந்தாள். பெரியவர் வேட்டியைத் தன் உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டு வருடப்பிறப்பும் அதுவுமாக என்னென்னவோ சொன்னார். கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தைப் பட்டென்று தட்டினார்.

"யாரோட குழந்தை இது? அப்பா அம்மா யாரு?"

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவரும் திரும்பினார். "யாரோட குழந்தைன்னே தெரியலை பாருங்க" என்றார் என்னிடம். நான், கூச்சமில்லாமல் சொல்கிறேன், இல்லை, மிகுந்த கூச்சத்தோடு சொல்கிறேன், தலையை ஆட்டினேன். பிறகு செய்தித்தாளை விரித்தேன்.

ஒரு சில நொடி என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இல்லை. நடுவில் ஒரு நிறுத்தம் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். மழை எப்போது வரும் என்பது பற்றிய ஒரு கட்டுரையில் பாதியைப் படித்தேன். வருவதற்கு வாய்ப்பில்லை என்று போட்டிருந்தது.

அப்போது அந்த அம்மாளின் குரல் கேட்டது. "என்னோடதுதான். என் பொண்ணு. என்ன இப்போ? குழந்தைதானே, வேணும்னா செய்யுது?"

காகித விளிம்புக்கு மேலே பார்த்தேன். அவள் இடது கையை என் மகளின் நெற்றியில் வைத்துத் தாங்கியிருந்தாள். வங்காளத்தில் கல்யாணமான பெண்கள் போடும் வெள்ளைச் சங்கு வளையல் நெற்றியில் அழுந்தியிருந்தது. வலது கையால் தன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து வாயைக் கழுவிவிட்டு, தன் புதுப்புடவைத் தலைப்பாலேயே துடைத்தாள். மகள் கண்ணை மூடியிருந்தாள். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்.

மிருகக்காட்சிசாலை நிறுத்தத்தில் கூட்டம் இறங்கிய பிறகுதான் நான் முன்னால் போனேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், என் கையில் மடித்திருந்த செய்தித்தாளைப் பார்த்தாள். "உங்களோடதா?" என்றாள். தலையாட்டினேன். ஒரே நாளில் ஒரே தலையின் இரண்டாவது ஆட்டம். அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கி என் தோளில் போட்டாள். நானும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இறங்கினேன். பஸ் போய்விட்டது.

வீட்டில் மனைவி கேட்டாள்: "வழியில வாந்தி எடுத்தாளா?"

"கொஞ்சம்" என்றேன்.

பதினோரு மருந்துகளைச் சேர்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நான் அக்கறையுள்ள தகப்பன் என்று மனைவி நினைத்தாள். பௌதி தன் புருஷனிடம் என்னைக் காட்டி, "இந்த மனுஷனைப் பாருங்க, கத்துக்கோங்க" என்றாள். அந்த மனிதர் அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அந்தப் பாவமும் என் கணக்கில்தான்.

இத்தோடு போயிருந்தால் மனசாட்சியோடு ஏதாவது உடன்படிக்கைக்கு வந்திருப்பேன். மகளுக்குப் பத்து வயதாகும்போது பள்ளியில் 'என் அப்பா' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். அவள் வங்க மொழியில் எழுதியிருந்தாள்: "சின்ன வயதில் பஸ்ஸில் எனக்கு வாந்தி வந்தபோது அப்பா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வாட்ச் சில்லென்று இருந்தது. எனக்குச் சரியாகிவிட்டது." டீச்சர் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தார். மனைவி அதை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினாள். ஒவ்வொரு முறை பால் எடுக்கும்போதும் நான் அதைப் படிக்க வேண்டியிருந்தது.

அப்போது நான் கட்டியிருந்தது தோல் பட்டை போட்ட வாட்ச். தோல் சில்லென்று இருக்காது. அவள் வளர வளர என்றாவது ஒருநாள் இதை யோசிப்பாளே என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. அந்த மாதமே எஃகுப் பட்டை போட்ட வாட்ச் ஒன்று வாங்கினேன். ஒரு நல்ல குற்றவாளி தடயத்தை அழிப்பான். நான் தடயத்தைக் கடையில் வாங்கி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன்.

ஒருமுறை ஒப்புக்கொள்ளவும் பார்த்தேன், என் பாணியில். தமிழர் சங்கத்துப் பொங்கல் மலரில் நகைச்சுவைக் கட்டுரை கேட்டார்கள். 'ஒரு நண்பர்' பஸ்ஸில் தன் பிள்ளையைத் தெரியாதது போல் செய்தித்தாள் படித்ததை எழுதினேன். எல்லாரும் சிரித்தார்கள். மனைவி, "யாருங்க அந்த ஜென்மம்?" என்று கேட்டுச் சிரித்தாள். மகளும் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து என் புகைப்படம் நன்றாக இருக்கிறது என்றாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வங்க மொழியில் கவிதைகூட எழுதுவாள். தமிழ் வீட்டில் பேச மட்டும். நானும் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிவந்தேன். வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வருடம் அவளுக்குக் காலிம்பொங்கில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. ரயிலை விட்டு இறங்கியபின் மலைப்பாதை முழுக்க வளைவு. நான் வரவேண்டும் என்றாள்.

"உன் தோழி கூட வர்றேன்னாளே?"

"அவ வந்து என்ன பண்ணுவா? நீ வா. நெத்தியைப் பிடிக்க ஆள் வேணும்ல?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்று வந்தது. இரண்டு வாரம் இப்படியே போனது. ஒவ்வொரு நாளும் ஒரு ஸ்வெட்டர், ஒரு சாக்ஸ்.

கிளம்பிய அன்று காலை சியால்தா ரயில் நிலையத்துக்கு வாடகைக் கார். பதினோரு மருந்தையும் மனைவி ஒரு டப்பாவில் போட்டு, நான் தொலைத்துவிடுவேன் என்று பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். பெட்டி டிக்கியில். மலையில்தானே அதற்கு வேலை என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். காருக்குள் மல்லிகை வாசனைத் திரவியம், பத்துக் கல்யாணத்துக்குப் போதுமான அளவு. காலியான சாலை, அதனால் டிரைவருக்கு உற்சாகம். மகள் போனில் யாருக்கோ பதில் அடித்துக்கொண்டே வந்தாள். "வண்டியில படிக்காதேம்மா" என்றேன். அலுவலகத்தில் எல்லாரும் கேட்பார்கள், வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பார்க் சர்க்கஸ் மேம்பாலத்தில் ஏறியதும் போனைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. "அப்பா" என்றாள்.

வண்டியை நிறுத்த இடமில்லை. கையில் பை இல்லை, இலை இல்லை, எலுமிச்சை இல்லை. மலைக்குளிருக்காகக் கோட்டுப் பையில் வைத்திருந்த குரங்குக் குல்லாய்தான் இருந்தது. அதை விரித்துப் பிடித்தேன். கம்பளி என்பது தண்ணீர் தாங்கும் பொருளல்ல என்று அன்று தெரிந்துகொண்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "சீட்டு! சீட்டு!" என்று அலறினார். "நான் கழுவித் தர்றேன், நீங்க ஓட்டுங்க" என்றேன். மற்றொரு கை தானாக அவள் நெற்றிக்குப் போனது. வாழ்க்கையில் முதல் தடவை.

எஃகுப் பட்டை நெற்றியில் பட்டது. அவள் கண்ணை மூடியபடியே லேசாகச் சிரித்தாள்.

"இதுதான். அதே சில்லுனு."

பன்னிரண்டு வருடம் முன்னால் நான் வாங்கிய பொய்ச்சாட்சி நன்றாகவே வேலை செய்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்தக் கலையில் எனக்குப் பயிற்சி உண்டு. ஆனால் அந்தச் சிரிப்பை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அது வாட்ச் இல்லைம்மா" என்றேன். "சங்கு வளையல். அன்னிக்கு உன்னைப் பிடிச்சது நான் இல்லை."

மேம்பாலம் முடிகிற வரை சொன்னேன். பாயசம், கடைசி வரிசை, தலையாட்டல், செய்தித்தாள் எல்லாம். வேடிக்கையாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வரவில்லை. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

"நீ பின்னாடியே இருந்தியா?"

"இருந்தேன்."

"கண்டக்டர் கேட்டப்போ அவங்க என்னன்னு சொன்னாங்க?"

"என் பொண்ணுன்னு."

டிரைவர் ஜன்னலை இறக்கினார். காலைக் குளிர் உள்ளே வந்தது.

"அவங்களுக்குத் தேங்க்ஸாவது சொன்னியா?"

நான் எதிர்பார்த்து வைத்திருந்த பல கேள்விகளில் இது இல்லை.

"இல்லை" என்றேன்.

"சீ" என்றாள். இரைந்துகூடச் சொல்லவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். என் கை நெற்றியிலிருந்து நழுவி, வைக்க இடமில்லாமல் என் மடியிலேயே கிடந்தது. அடுத்த சிக்னலில் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். அவள் மறுபடி குனிந்தாள். நான் குல்லாயை நீட்டினேன், கையை நீட்டலாமா என்று தெரியவில்லை.

"வாட்ச்சைக் கழட்டு" என்றாள் குனிந்தபடியே. "கழட்டிட்டுப் பிடி."

கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிடித்தேன். என் உள்ளங்கை வியர்த்துச் சூடாக இருந்தது. அந்த நெற்றிக்கு அதனால் ஒரு சுகமும் கிடைத்திருக்காது. சியால்தா வரும் வரை அவளும் கையை எடுக்கச் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை.